மூன்று மாதம், மூன்று உறைகள்: பால் வந்து சேரும் பொருளுக்கு ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டில் நால்வர் இருக்கிறோம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் பால் செலவாகிறது. கடந்த மூன்று மாதங்களில், மாதத்துக்கு ஒன்றாக, கண்ணாடிப் பாட்டிலிலும் அட்டைப் பெட்டியிலும் வழக்கமான பிளாஸ்டிக் பாக்கெட்டிலும் பால் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தோம். பாலின் தரத்தை அல்ல, அதைச் சுமந்து வந்த பொருளை மதிப்பிடுவதே இங்கு என் நோக்கம். பிளாஸ்டிக்கை வீட்டிலிருந்து இயன்றவரை விலக்க வேண்டும், பால் பாட்டிலுக்குத் திரும்ப வேண்டும் என்ற உறுதியோடுதான் இந்தச் சோதனையைத் தொடங்கினேன். மூன்றாம் மாத முடிவில் அந்த உறுதி தளர்ந்துவிட்டது.

கண்ணாடிப் பாட்டிலுக்கு முந்தைய நிலையை நினைவில் கொண்டால்தான் அதன் பெருமை விளங்கும். பால்காரர் திறந்த பாத்திரத்தில் கொண்டுவந்து ஆழாக்கால் அளந்து ஊற்றிய காலத்தில், தெருப்புழுதியும் ஈயும் கலப்படத் தண்ணீரும் அதற்குள் புக எந்தத் தடையும் இருக்கவில்லை. அமெரிக்காவிலும் நிலைமை அதுவே. நியூயார்க் மாநிலத்தின் பாட்ஸ்டாம் ஊரைச் சேர்ந்த ஹார்வி தாட்சர் 1880களில் மூடியிட்ட கண்ணாடிப் பால் பாட்டிலை உருவாக்கியபோது, அளவும் தூய்மையும் ஒரே நேரத்தில் உறுதியாயின. இந்தியாவில் மும்பையின் ஆரே பால் குடியிருப்பும், 1959இல் தொடங்கப்பட்ட தில்லி பால் திட்டமும் பாட்டில் பாலை நகரவாசிகளின் அன்றாடப் பழக்கமாக்கின. அலுமினியத் தாள் மூடியை விரலால் அழுத்தித் திறந்த நினைவு மூத்த தலைமுறைக்கு இன்னமும் இருக்கும். காலிப் பாட்டிலைக் கொடுத்தால்தான் நிறைந்த பாட்டில் கிடைக்கும் என்பது அன்றைய முறையின் உயிர்நாடி.

அந்த உயிர்நாடிதான் இன்றைய பாட்டில் பாலில் இல்லை. நான் சந்தா கட்டிய நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. குறை அதனுடையது மட்டுமன்று என்று நம்புகிறேன். அதிகாலையில் இருசக்கர வண்டியில் பால் போட வரும் இளைஞர் நிறைந்த பாட்டில்களை அடுக்கிய பெட்டிக்குள் காலிப் பாட்டில்களை எங்கே வைப்பார்? வாரத்துக்கு இரண்டு முறை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நடைமுறையில் பத்து நாளுக்கு ஒருமுறைகூட எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் எங்கள் சமையலறைத் திட்டில் பத்தொன்பது பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவற்றில் இரண்டின் வாய் விளிம்பு பிசிறாக உடைந்திருந்தது. அவற்றைத் தொட்டுப் பார்த்த பிறகு, கழுவி வைத்த மற்ற பாட்டில்களிலும் வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று.

எடையைப் பார்ப்போம். ஒரு லிட்டர் காலிப் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 480 கிராம் காட்டியது. அதாவது, வண்டியில் ஏறும் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பால் அல்ல, கண்ணாடி. அதே கண்ணாடி வெறுமையாகத் திரும்பிச் செல்லவும் எரிபொருள் செலவாகும். திரும்பிச் சென்றபின் காரமான சோடாக் கரைசலிலும் வெந்நீரிலும் அதைக் கழுவித் தொற்றுநீக்க வேண்டும். கோடைதோறும் தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் சென்னையில் இதைச் சிறிய கணக்கு என்று யாரும் தள்ளிவிட முடியாது. கழுவுதல் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு காலையில் கண்டோம்: பாட்டிலின் கழுத்துப் பகுதியில் புளித்த வாடை இருந்தது, பால் அடுப்பில் ஏறியவுடன் திரிந்துபோயிற்று.

கண்ணாடியின் இன்னொரு குறை பலரும் அறியாதது. பாலில் உள்ள ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் ஒளி பட்டால் சிதைகிறது. அந்தச் சிதைவு பாலின் கொழுப்பையும் புரதத்தையும் பாதித்து, கருகிய வாடை போன்ற ஒரு சுவையை உண்டாக்குகிறது. ஒளி ஊடுருவும் பாட்டிலை வாசற்படியில் காலை வெயிலில் விட்டுவைத்தால் இது நிகழ்கிறது. தெள்ளத்தெளிவாகத் தெரியும் வெண்மை, தூய்மையின் சான்றாக விளம்பரங்களில் காட்டப்படுகிறது. பாலைப் பொறுத்தவரை அந்தத் தெளிவே அதன் எதிரி.

இவ்வளவு சொன்னாலும், கண்ணாடியில் எந்த வாடையும் ஊறுவதில்லை, சூட்டுக்கு அது எதையும் கசிய விடுவதில்லை, பலமுறை பயன்படுகிறது என்ற உண்மைகளை மறுக்க மாட்டேன். ஆனால் பாட்டில் திரும்பி வருவதற்குப் பணமும் பாதையும் முறையும் இருந்தால் மட்டுமே அதன் நற்பண்புகள் பலன் தரும். 2022இல் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுத்ததும் அதைத் திருப்பித் தரும் முறை கொண்டுவரப்பட்டது. மதுப் பாட்டிலுக்கு வகுக்க முடிந்த முறையைப் பால் பாட்டிலுக்கும் வகுக்கலாம். அது வரும்வரை பாட்டில் பாலுக்கு மீண்டும் சந்தா கட்டும் எண்ணம் எனக்கில்லை.

இரண்டாம் மாதம் அட்டைப் பெட்டி. இதன் வரலாறு சுவீடனின் லுண்ட் நகரிலிருந்து தொடங்குகிறது. ரூபன் ரௌசிங் 1951இல் டெட்ரா பாக் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அந்நகரின் பால் பண்ணைக்கு முதல் இயந்திரம் சென்றது, அதில் 100 மில்லி கிரீம் நான்முக வடிவப் பொட்டலங்களில் அடைக்கப்பட்டது. இன்று நாம் காணும் செங்கல் வடிவம் 1963இல் வந்தது. இந்தப் பெட்டியைக் காகிதப் பெட்டி என்று சொல்வது பாதி உண்மை மட்டுமே. எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அட்டை. ஐந்தில் ஒரு பங்கு பாலித்தீன். எஞ்சிய சிறு பங்கு, தலைமுடியைவிட மெல்லிய அலுமினியத் தாள். அட்டை உறுதியைத் தருகிறது, பாலித்தீன் ஈரத்தைத் தடுக்கிறது, அலுமினியம் ஒளியையும் காற்றையும் முற்றாக மறைக்கிறது. பாலை 135 டிகிரி செல்சியசுக்கு மேல் சில நொடிகள் மட்டும் சூடாக்கி உடனே குளிர்வித்து, தொற்றுநீக்கிய பெட்டிக்குள் தொற்றில்லாச் சூழலிலேயே அடைப்பதால், பிரிக்காத பெட்டி குளிர்பெட்டியின்றியே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோது இதன் அருமை எனக்குப் புரிந்தது. மின்சாரம் இல்லை, பால் வண்டிகள் வர வழியில்லை, கடைகளில் பாலுக்குத் தட்டுப்பாடு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அவர்கள் அலமாரியில் இருந்த இரண்டு அட்டைப் பெட்டிகள்தான் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு மூன்று நாள் காப்பியாகவும், குழந்தையின் அக்காவுக்கு மூன்று நாள் உணவாகவும் ஆயின. நான் சோதித்த மற்ற இரண்டு உறைகளாலும் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அன்றாடத்துக்கு அது ஒத்துவரவில்லை. அதிவெப்பத்தில் காய்ச்சிய பாலில் ஒரு வேகிய சுவை தங்கிவிடுகிறது. டிகிரி காப்பி குடிப்பவர் முதல் மிடற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார். கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறடிக்கப்பட்டிருப்பதால் பாலாடை பேருக்குத்தான் படிகிறது. பிரைமோர் ஊற்றினால் தயிர் தோய்கிறது, ஆனால் கத்தியால் வெட்டலாம் போன்ற கெட்டித் தயிர் கிடைப்பதில்லை. அந்தச் சூட்டில் பாலின் புரதங்கள் மாறிவிடுவதே காரணம். மாத முடிவில் 45 காலிப் பெட்டிகள் சேர்ந்தன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிராம். தகுந்த ஆலையில் இவற்றை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி அட்டை நாரைப் பிரித்தெடுக்கலாம், எஞ்சிய பாலித்தீன் அலுமினியக் கலவையைப் பலகைகளாக அழுத்தலாம். எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரரோ அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுக்க முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார். ஒட்டிய மூன்று பொருள்களைப் பிரிக்கும் ஆலை அவருக்கு எட்டும் தொலைவில் இல்லை.

மூன்றாம் மாதம் நாங்கள் பழைய பாக்கெட்டுக்கே திரும்பினோம். இம்முறை அதைக் கவனித்துப் பார்த்தோம். பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவன ஆய்வகத்தில், வேறொன்றைத் தேடிய சோதனையில் தற்செயலாகக் கிடைத்த வெள்ளை மெழுகு போன்ற பொருள். அதன் மெல்லிய படலத்தில் பாலை அடைக்கும் முறையை 1967இல் கனடாவின் டுபான்ட் நிறுவனம் உருவாக்கியது. ஒன்டாரியோ மக்கள் இன்றும் மூன்று சிறு பைகள் கொண்ட நான்கு லிட்டர் பால் பையை வாங்கி, ஒரு பையைக் குவளையில் நிறுத்தி, முனையை வெட்டி ஊற்றுகிறார்கள். பிரித்தபின் மூட முடியாது என்பதே அங்கு அதன் மீது சொல்லப்படும் பெருங்குறை.

நம் சமையலறையில் அந்தக் குறைக்கே இடமில்லை என்பதை நான் இந்த மாதம்தான் உணர்ந்தேன். நாம் பாக்கெட்டிலிருந்து பாலைக் குடிப்பதில்லை. வெட்டியவுடன் முழுவதையும் பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சிவிடுகிறோம். பாக்கெட்டின் வேலை, குளிரூட்டும் நிலையத்திலிருந்து நம் அடுப்பு வரை, ஒருநாள் அல்லது இரண்டு நாள் மட்டுமே. அந்தக் குறுகிய பணிக்கு அரைக் கிலோ கண்ணாடியும் மிகை, அலுமினியம் சேர்ந்த பெட்டியும் மிகை. பத்துக் காலிப் பாக்கெட்டுகளை நிறுத்தபோது 26 கிராம் இருந்தன. ஒரு மாதத்துக்கு 45 லிட்டர் பாலைச் சுமந்த 90 அரை லிட்டர் பாக்கெட்டுகள், மொத்தம் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு! அதே பாலுக்கு அட்டைப் பெட்டி ஒன்றேகால் கிலோவைத் தாண்டியது. கண்ணாடி இருபது கிலோவைத் தாண்டியது. படலத்தில் கலந்த வெள்ளை நிறமி ஒளியை ஓரளவு தடுக்கிறது. மேலும், அது எழுதும் பரப்பாகவும் பயன்படுகிறது: ஆவின் பாக்கெட்டில் நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை என்றால் 4.5, ஆரஞ்சு என்றால் 6 என்று, எழுத்தறியாதவரும் நிறத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க முடிகிறது.

குறைகளும் உண்டு. அந்த மாதம் வாங்கிய 90 பாக்கெட்டுகளில் மூன்று ஒழுகின. இரண்டு, முனை ஒட்டிய இடத்தில். ஒன்று, கூடையின் கம்பி குத்திய இடத்தில். எந்த நிறுவனத்தினுடையவை என்பது இங்கு முக்கியமன்று. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். பாக்கெட்டின் வெளிப்புறம் கடைத் தொட்டியின் அழுக்கு நீரில் கிடந்து வருகிறது என்பதால், வெட்டும் முன் அதைக் கழுவுவது கட்டாயம். இக்குறைகளைவிடப் பெரியது, வெட்டிய பின் நடப்பது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கு சரியானதே என்று இப்போது கருதுகிறேன். ஆனால் விலக்கோடு ஒரு பொறுப்பும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மகாராஷ்டிரம் 2018இல் பால் பாக்கெட்டில் திரும்ப வாங்கும் விலையாகக் குறைந்தது 50 பைசாவை அச்சிட வேண்டும் என்று விதித்தது. சிறு தொகைதான், ஆனால் குப்பைத் தொட்டிக்குப் போகும் கையைத் தடுத்து நிறுத்த அது போதும். பால் பாக்கெட் ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. கழுவி உலர்த்திக் கொடுத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் மறுப்பின்றி எடைக்கு எடுத்துக்கொள்கிறார். நம் ஊர்ப் பாட்டிகள் பால் கவரைக் கழுவிச் சுவரில் ஒட்டிக் காயவைத்துச் சேர்த்ததும் இதற்காகவே. பல அடுக்குப் பளபளப்பு உறையில் வரும் சிற்றுண்டிகளுக்கோ, தயிர்க் கப்புக்கோ அந்தக் கடையில் இந்த மரியாதை இல்லை.

இதில் கவனிக்கப்படாத ஒன்று, நாம் வெட்டி எறியும் அந்த மூலைத் துண்டு. பாக்கெட்டைச் சேமிக்கும் வீடுகளில்கூட அந்தச் சிறு முக்கோணம் தொட்டிக் குழாயில் நழுவிவிடுகிறது. நகத்தளவு இருப்பதால் துப்புரவுப் பணியாளர் அதைப் பொறுக்குவதும் இயலாது. ஆகவே முனையை முழுவதும் துண்டிக்காமல், ஒட்டியபடியே விட்டு ஒரு கீறல் மட்டும் போடும் பழக்கத்துக்கு நாங்கள் மாறியிருக்கிறோம். பால் சற்று மெதுவாக இறங்குகிறது, அவ்வளவே.

இப்போது எங்கள் வீட்டில் நாள்தோறும் பச்சைப் பாக்கெட் வருகிறது. ஐப்பசி பிறக்கும் முன் நான்கு அட்டைப் பெட்டிகள் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறோம். பாட்டில் சந்தாவை நிறுத்திவிட்டோம். பால் நிறுவனங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. பாக்கெட்டின் ஒரு மூலையில், எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதைக் காட்டும் புள்ளிக்கோட்டையும், துண்டிக்க வேண்டாம் என்ற சொல்லையும், கொழுப்பின் அளவை அச்சிடும் அதே மையில் அச்சிட்டுத் தாருங்கள்.