ஏஐ ஏஜென்டுக்கு ஆவணம்: எம்சிபியா, ஸ்கில்லா, ஹெல்ப் பக்கமா?

ஒரு கமாண்ட் லைன் கருவியையோ ஏபிஐயையோ (மற்ற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகம்) பராமரிப்பவர்கள் முன், அதை ஏஐ ஏஜென்டுக்கு, அதாவது தானே கட்டளைகளை இயக்கி வேலை செய்யும் ஏஐக்கு, விளக்க இப்போது ஆறு வழிகள் இருக்கின்றன: ஹெல்ப் பக்கம், ஓப்பன்ஏபிஐ, எம்சிபி, ஏஜென்ட்ஸ்.எம்டி, ஸ்கில், எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி. ஆறையும் எழுதிப் பராமரிக்க ஒரு சிறு குழுவால் முடியாது. நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் இவற்றை எடைபோடுகிறேன். ஏஜென்ட் ஒரு கட்டளையை இயக்கப்போகும் அந்த நேரத்தில், எந்த எழுத்து உண்மையிலேயே அதன் கான்டெக்ஸ்டுக்குள், அதாவது அந்த நேரத்தில் அதன் பார்வையில், இருக்கிறது?

இப்படிப் பார்த்தால், இருப்பதிலேயே பழைய வழியான ஹெல்ப் பக்கத்துக்குத்தான் முதலிடம் தருவேன். ஏஜென்டுக்கு ஷெல் (கட்டளைகளை இயக்கும் இடம்) கிடைத்து, முன்பின் தெரியாத கருவி ஒன்று எதிரில் வந்தால், பெரும்பாலும் முதலில் செய்வது ஹெல்ப் ஆப்ஷனைப் போட்டுப் பார்ப்பதுதான். அங்கே என்ன இருக்கிறது என்பதில்தான் சிக்கல். கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க்கைப் பாருங்கள். ‘படங்கள்’ கோப்புறையை ‘காப்பு’ கோப்புறைக்கு டெலீட் ஆப்ஷனோடு அனுப்புகிறோம். காப்பில் ஏற்கெனவே ‘வீடியோ’ என்றொரு கோப்புறை இருக்கிறது. மூலப் பெயரின் கடைசியில் சாய்கோடு இல்லையென்றால், காப்புக்குள் ‘படங்கள்’ என்று தனியே உருவாகும். வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது. சாய்கோடு போட்டுவிட்டால், படங்களில் இல்லாத எல்லாமே காப்பிலிருந்து அழிக்கப்படும், வீடியோவும் போய்விடும். மேன் பேஜ் என்ற முழுக் கையேடு இந்தச் சாய்கோட்டைத் தெளிவாக விளக்குகிறது. ஹெல்ப் ஆப்ஷன் தருவதோ ஆப்ஷன்களின் நீண்ட பட்டியல். ஆர்சிங்க் உலகப் புகழ்பெற்றது என்பதால் மாடல்கள் இதைப் பயிற்சியிலேயே பார்த்திருக்கும். உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் கருவிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. ஆகவே ஆப்ஷன் பட்டியலுக்கு மேலேயே இரண்டு மூன்று முழுமையான உதாரணங்களைப் போடுங்கள். எது தரவை அழிக்கும், அதற்கு முன் ட்ரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) எப்படிச் செய்வது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

எரர் மெசேஜையும் ஆவணமாகவே கருத வேண்டும். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொன்னால் ஏஜென்ட் ஊகிக்கத் தொடங்கும். ‘தேதி 2025-03-14 என்ற வடிவில் வேண்டும், வந்தது 14/3/25’ என்று சொன்னால் அடுத்த முறையே சரியாக அனுப்பும். ‘ஆம்/இல்லை’ என்று கேட்டுக் காத்திருக்கும் கருவியாக இருந்தால், கேள்வியே இல்லாமல் ஓடவைக்கும் ஆப்ஷனையும் கொடுத்து, ஹெல்ப்பில் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் ஏஜென்ட் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்து ஓப்பன்ஏபிஐயும் எம்சிபியும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2011-ல் ஸ்வாகர் என்ற பெயரில் தொடங்கிய ஓப்பன்ஏபிஐ, ஏபிஐயை விவரிக்கும் ஒரு பொது வடிவம். ஒவ்வொரு எண்ட்பாயிண்டும் (ஏபிஐயில் அழைக்கக்கூடிய முகவரி) எதை வாங்கி எதைத் தரும் என்பதைப் பிசிறில்லாமல் சொல்லும். 2021-ல் வந்த 3.1 பதிப்பு தரவின் வடிவத்தை வரையறுக்கும் ஜேசன் ஸ்கீமாவோடு முழுமையாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு ஆர்டரை ரத்து செய்ய எந்த மூன்று எண்ட்பாயிண்டை எந்த வரிசையில் கூப்பிட வேண்டும் என்பது அதில் வழக்கமாக இருப்பதில்லை.

எம்சிபி என்பது, ஏஐ மாடலை வெளிக் கருவிகளோடு இணைக்க ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை. அதில் ஒவ்வொரு டூலுக்கும் (மாடல் அழைக்கக்கூடிய செயல்) ஒரு பெயர், ஒரு விவரிப்பு, ஒரு உள்ளீட்டு ஸ்கீமா. பெரும்பாலான ஏற்பாடுகளில் இந்த விவரிப்பு உரையாடலின் தொடக்கத்திலேயே மாடலின் கண்முன் வந்துவிடுகிறது. அதுதான் இதன் பலம். விலையும் அதுவே: ஓப்பன்ஏபிஐ கோப்பிலிருந்து இருநூறு எண்ட்பாயிண்டை அப்படியே இருநூறு டூலாக மாற்றினால், வேலை தொடங்கும் முன்பே டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்தை அளக்கும் அலகு) கரைந்துவிடும். ஒரே மாதிரிப் பெயர்களுக்கு நடுவே மாடலும் தடுமாறும். பயனர் செய்ய விரும்பும் வேலைக்கு ஒரு டூல் என்று சுருக்குவதே நல்லது. ‘யூசர்’ என்ற பாராமீட்டரை ‘யூசர் ஐடி’ என்று மாற்றினாலே பல தவறான அழைப்புகள் நின்றுவிடும். ஆந்த்ரோபிக்கின் ஏஐயான க்ளாடின் இணையத் தேடல் டூலில், தேடும் சொற்களோடு தேவையில்லாமல் ‘2025’ சேர்ந்துகொண்டே இருந்ததை ஆந்த்ரோபிக் டூல் விவரிப்பைத் திருத்தித்தான் சரிசெய்தது. சில வரி எழுத்துக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது.

எம்சிபியில் ‘இது படிக்க மட்டும்’, ‘இது அழிக்கக்கூடியது’ என்று குறிக்கவும் இடமுண்டு. அவை வெறும் குறிப்புகள். டூல்களை வழங்கும் சர்வர் நம்பிக்கையில்லாததாக இருந்தால் அவற்றை நம்பக் கூடாது என்று எம்சிபி வரையறையே சொல்கிறது. பாதுகாப்பை அனுமதிகளில் வையுங்கள், விவரிப்பில் அல்ல.

ஒரு வேலையின் வரிசைமுறையைச் சொல்ல, 2025 அக்டோபரில் வந்த ஸ்கில் எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று ஏஜென்டுக்குச் சொல்லும் கோப்புறை அது. அதன் முக்கியக் கோப்பான ஸ்கில்.எம்டியின் தலைப்பில் உள்ள பெயரும் விவரிப்பும் மட்டுமே முதலில் ஏற்றப்படும். தேவைப்படும்போதுதான் உள்ளே இருப்பதை ஏஜென்ட் படிக்கும். மேலே சொன்ன ரத்து செய்யும் வரிசை, விதிவிலக்குகள், முடிந்தபின் எதைச் சரிபார்ப்பது ஆகிய எல்லாவற்றையும் விரிவாக எழுதலாம். ஆனால் அந்த விவரிப்பு வரி பயனர் கேட்கும் பேச்சுமொழியோடு ஒத்துப்போகாவிட்டால் கோப்பு திறக்கப்படவே மாட்டாது. ‘ஆர்டர் மேலாண்மை’ என்று எழுதுவதைவிட ‘ஆர்டரை ரத்து செய்ய, பணத்தைத் திருப்பித் தர’ என்று எழுதுங்கள்.

ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற கோப்பு ஒரு ரெப்போவுக்குள் (ஒரு மென்பொருளின் நிரல்கள் இருக்கும் களஞ்சியம்) வேலை செய்யும் ஏஜென்டுக்கானது: பில்ட் எப்படி, டெஸ்ட் எப்படி, எந்தக் கோப்பைத் தொடக் கூடாது. உங்கள் கருவியை வேறொருவர் தன் ரெப்போவில் பயன்படுத்தும்போது, உங்களுடைய ஏஜென்ட்ஸ்.எம்டி அங்கே இருக்காது.

எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டியை ஜெரமி ஹோவர்ட் 2024 செப்டம்பரில் முன்மொழிந்தார்: இணையதளத்தின் முக்கியப் பக்கங்களைச் சுட்டும் ஒரு மார்க்டவுன் (எளிய குறியீடுகள் கொண்ட வெறும் எழுத்து வடிவம்) கோப்பு. நல்ல எண்ணம்தான், ஆனால் ஏஜென்ட் தானாகத் தேடிப்போனால்தான் பயன். என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம். அதே முன்மொழிவில், ஒவ்வொரு பக்கத்துக்கும் மார்க்டவுன் வடிவம் கொடுக்கச் சொல்லும் பகுதியை மட்டும் உடனே செய்துவிடலாம்.

ஆகவே ஒரு வாரம் மட்டுமே இருந்தால் ஹெல்ப் பக்கத்தையும் எரர் மெசேஜையும் சரிசெய்யுங்கள். அடுத்த வாரம் கிடைத்தால் ஒரு ஸ்கில். ஷெல் இல்லாத ஏஜென்டுகள்தான் உங்கள் பயனர்கள் என்றால் ஸ்கில்லுக்கு முன் எம்சிபி. எதை எழுதினாலும், அதிலுள்ள உதாரணக் கட்டளைகளை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் சிஐயில் (சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) ஓட்டிப் பாருங்கள். பெயர் மாறிப்போன ஆப்ஷன் ஒன்று உதாரணத்தில் அப்படியே கிடந்தால், மனிதர் சந்தேகப்படுவார். ஏஜென்ட் அதை அப்படியே இயக்கும்.