வலைப்பூக்களுக்கு மேனேஜ்டு விபிஎஸ்: கிளவுட்வேஸா, சொந்த டிராப்லெட்டா, சிபேனலா?

வேர்ட்பிரஸ் வலைப்பூ கூட்ட நேரத்தில் மட்டும் திணறுகிறதா? ஷேர்டு ஹோஸ்டிங்காரர்கள் (பலருடைய தளங்களை ஒரே சர்வரில் வைத்து ஓட்டுபவர்கள்) ‘ரிசோர்ஸ் லிமிட் தாண்டிவிட்டது’ என்று மெயில் அனுப்புகிறார்களா? அப்படியானால் விபிஎஸ் (பெரிய சர்வர் ஒன்றில் உங்களுக்கென்று ஒதுக்கப்படும் தனிப் பங்கு) பற்றி யோசிக்கலாம். ஒரே ஒரு தளம்தான், கேஷ் ப்ளகின் (தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்து மறுபடி காட்டுவது) இன்னும் போடவே இல்லை என்பவர்கள் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதோடு தீர்ந்துவிடும், செலவும் மிச்சம்.

மேலே போக வேண்டியவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: கிளவுட்வேஸ் மாதிரி பராமரிப்போடு வருவது, டிஜிட்டல்ஓஷனில் டிராப்லெட் (அவர்கள் விபிஎஸ்ஸுக்கு வைத்த பெயர்) எடுத்து இலவச பேனல் (சர்வரை பிரவுசரிலேயே நிர்வகிக்கும் மென்பொருள்) போட்டு நாமே ஓட்டுவது, லிக்விட் வெப் மாதிரி நிறுவனங்கள் தரும் முழுப் பராமரிப்பு சிபேனல் (கட்டணம் வாங்கும் பேனல்) விபிஎஸ். விளம்பரத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் விழுந்தால் யார் தூக்கி நிறுத்துவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் அப்போது தெரியும்.

முதலில் மெமரிக் கணக்கு. எந்த வழியில் போனாலும் 1 ஜிபி சர்வரை எடுக்காதீர்கள். இயங்குதளமும் பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸும் சேர்ந்து 300 எம்பி அளவுக்குச் சாப்பிடும், டேட்டாபேஸ் மென்பொருளான மரியாடிபிக்கு 300 முதல் 400. மிச்சத்தில், பக்கத்தை உருவாக்கும் ஒரு பிஎச்பி பிராசஸுக்கு 60, 70 எம்பி என்று போட்டால் நான்கைந்துதான் தேறும். கேஷில் இருக்கும் பக்கங்கள் பிஎச்பியைத் தொடாமலே போய்விடும், அதில் தொல்லை இல்லை. லாகின் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்பையும் (வெளிச் செயலிகள் வேர்ட்பிரஸோடு பேசும் வழி) தானியங்கி பாட் நிரல்கள் இடைவிடாமல் தட்டும்போதுதான் வினை. ஒவ்வொரு தட்டலும் ஒரு பிஎச்பி பிராசஸைப் பிடித்துக்கொள்ளும். பிராசஸ் உச்சவரம்பு தாராளமாக வைக்கப்பட்டிருந்தால் மெமரி தீரும். உடனே லினக்ஸ் கெர்னல் அதிக மெமரி வைத்திருக்கும் பிராசஸாகப் பார்த்துக் கொல்லும். பெரும்பாலும் அது மரியாடிபிதான். வாசகருக்கு ‘டேட்டாபேஸ் இணைப்பு இல்லை’ என்ற வெள்ளைப் பக்கம் மட்டும் தெரியும்.

2 ஜிபியில் இதே கணக்கு வேறு மாதிரி வரும். இயங்குதளத்துக்கு 300, மரியாடிபிக்கு 500, டேட்டாபேஸ் விடைகளை மெமரியில் வைத்துக்கொள்ளும் ரெடிஸுக்கு 100 ஒதுக்கினால் 1,100 எம்பி மிஞ்சும். அதை 70 ஆல் வகுத்தால் 15. உச்சவரம்பை அந்த 15 இலேயே நிறுத்தி, 2 ஜிபி ஸ்வாப் (மெமரி போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) போட்டுவிட்டால் நான்கைந்து வலைப்பூக்கள் நிம்மதியாக ஓடும்.

கிளவுட்வேஸை 2022 இல் டிஜிட்டல்ஓஷன் வாங்கிவிட்டது. ஆக, அங்கே டிஜிட்டல்ஓஷனின் பெங்களூரு சர்வர் எடுத்தால் அடியில் இருப்பது அதே டிராப்லெட்தான். விலை மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, வார்னிஷ் (சர்வர் அளவில் பக்கங்களைக் கேஷ் செய்வது), ரெடிஸ் எல்லாம் பொருத்திய அடுக்கு, இயங்குதளப் பாதுகாப்புத் திருத்தங்கள், விழுந்த சேவையை எழுப்பும் கண்காணிப்பு, எந்நேரமும் சாட்டில் ஆள் எல்லாம் கிடைக்கும். ஒரே சர்வரில் எத்தனை தளம் வேண்டுமானாலும் போடலாம். லினக்ஸ் தெரியாத, ஆனால் ஐந்தாறு வலைப்பூ நடத்துகிற ஒருவருக்கு இது நியாயமான விலை என்பதே எங்கள் கருத்து.

அங்கே கிடைக்காதவற்றையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ரூட் அனுமதி (சர்வர் முழுவதற்குமான அதிகாரம்) கிடையாது, மின்னஞ்சல் பெட்டியும் கிடையாது. தனியாகத்தான் வாங்க வேண்டும். பேக்கப் தானாக எடுக்கப்படும், ஆனால் வெளியே சேமிக்க ஜிபி கணக்கில் காசு. சர்வரைப் பெரிதாக்குவது எளிது, திரும்பச் சின்னதாக்க முடியாது. அதனால் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். ஒரு ப்ளகின் புது வெர்ஷனால் தளம் உடைந்தால் அது உங்கள் பாடு. இன்னொன்று அடிக்கடி நடப்பது: புதுப் பதிவு போட்டும் முகப்பில் பழையதே தெரியும். அவர்களுடைய பிரீஸ் ப்ளகினை எடுத்துவிட்டு வேறு கேஷ் ப்ளகின் போட்டவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். புது ப்ளகின் வார்னிஷையும் காலி செய்கிறதா என்று அதன் அமைப்புகளில் பாருங்கள்.

சொந்த டிராப்லெட்டில் 2 ஜிபிக்கு மாதம் 12 டாலர், இந்தியாவிலிருந்து கட்டினால் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. கிளவுட்பேனல் என்ற பேனல் இலவசம்; உபுண்டுவில் ஒரே கட்டளையில் ஏறிவிடும், எஸ்எஸ்எல் சான்றிதழும் அதிலிருந்தே எடுக்கலாம். ஏற்றிய கையோடு ஃபயர்வாலில் 8443 ஆம் போர்ட்டை உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்து வையுங்கள். பேனல் அந்த வாசலில்தான் இருக்கிறது. அடுத்து மின்னஞ்சல். டிஜிட்டல்ஓஷன் 25, 465, 587 ஆகிய எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) போர்ட்டுகளை அடைத்தே தருகிறது. கடவுச்சொல் மாற்றும் மெயிலும் பின்னூட்ட அறிவிப்பும் போகாமல், காரணம் புரியாமல் ப்ளகினைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். ஏபிஐ வழியாக, அதாவது சாதாரண வலை இணைப்பிலேயே, அனுப்பும் மெயில் சேவை ஒன்றை இணைத்தால் சரியாகிவிடும்.

பேக்கப்பில்தான் இந்த வழி ஆபத்தானது. டிஜிட்டல்ஓஷனின் வாராந்திர பேக்கப்புக்கு சர்வர் விலையில் 20 சதவீதம், தினசரிக்கு 30 சதவீதம். ஆனால் அது முழு டிஸ்க்கின் பிரதி. ஆறு வலைப்பூவில் ஒன்றை மட்டும் நேற்றைய நிலைக்குக் கொண்டுபோக அது நேரடியாக உதவாது. தளம் வாரியாக டேட்டாபேஸையும் அப்லோட்ஸ் ஃபோல்டரையும் தினமும் வேறு இடத்துக்கு அனுப்பும் வேலையை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதை மீட்டும் பார்க்க வேண்டும். இதைச் செய்ய மனம் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம்.

சிபேனல் விபிஎஸ் யாருக்கு? சொந்த டொமைனில் மின்னஞ்சலும் அதே சர்வரில் வேண்டும், தளத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்து நண்பர்களுக்கோ வாடிக்கையாளர்களுக்கோ கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கு. சிபேனல் 2019 முதல் கணக்கு எண்ணிக்கைக்கேற்ப உரிமக் கட்டணம் வாங்குகிறது, மெமரியும் 4 ஜிபி இருந்தால்தான் சுகம். அடுத்தது தூரம். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் சென்னையிலிருந்து ஒரு முறை போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல். இணைப்பு, எஸ்எஸ்எல், கோரிக்கை என்று மூன்று முறை போய்வருவதற்குள் அரை செகண்டுக்கு மேல் கரைந்துவிடும். கிளவுட்ஃபிளேர் (வாசகருக்கு அருகிலிருந்து கோப்புகளைத் தரும் சேவை) போட்டிருக்கிறோமே என்பார்கள். அது இயல்பாகப் படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும்தான் கேஷ் செய்யும், பதிவின் எச்டிஎம்எல்லை அல்ல. அதற்குத் தனி விதி எழுதி, லாகின் செய்தவர்களுக்கு விலக்கும் கொடுக்க வேண்டும். வாசகர்கள் பெரும்பாலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்தால் மட்டும் இந்தத் தூரம் உங்களுக்குச் சாதகம்.

எங்கே போனாலும் தமிழ்த் தளங்களை மாற்றும்போது மூன்று இடத்தில் இடறும். முதலாவது பழைய டேட்டாபேஸ். லத்தீன்1 (மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய குறியீட்டு முறை) என்று குறிக்கப்பட்ட டேபிளில் தமிழ் உட்கார்ந்திருக்கும். அப்படியே ஏற்றுமதி செய்தால் மொத்தப் பதிவும் எழுத்துக்குப்பையாக வந்து நிற்கும். புது சர்வரில் பத்துப் பதிவாவது திறந்து பார்க்காமல் டிஎன்எஸ்ஸை (டொமைன் எந்த சர்வருக்குப் போகும் என்ற பதிவு) மாற்றாதீர்கள். இரண்டாவது, மைஎஸ்க்யூஎல் 8 இலிருந்து எடுத்த கோப்பில் ‘0900’ என்ற கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) இருக்கும். மரியாடிபியின் பழைய வெர்ஷன்கள் அதைத் தெரியாது என்று தள்ளிவிடும். கோப்பில் அந்தப் பெயர் வரும் இடங்களில் எல்லாம் யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் கொலேஷனின் பெயரைப் போட்டு ஏற்றுங்கள். மூன்றாவது, தமிழில் பெயரிட்ட படக்கோப்புகள். ஜிப் செய்து பிரிக்கும்போது பெயர் சிதைந்து படம் 404 ஆகும். ஆர்சிங்க் (சர்வருக்குச் சர்வர் கோப்பு நகர்த்தும் கருவி) மூலம் நேராக நகர்த்தினால் அந்தத் தொல்லை இல்லை.

மாற்றுவதற்கு முந்தைய நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 செகண்டாகக் குறைத்துவிடுங்கள். பழைய சர்வரை இரண்டு வாரம் வைத்திருங்கள். பழையது டிராப்லெட்டாக இருந்தால், அணைத்து வைத்தாலும் பில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடைசி பேக்கப்பை இறக்கிக்கொண்டு முழுதாக அழித்தால்தான் நிற்கும்.