மைக்ரோசாப்ட் கிளாரிட்டி: நீண்ட நாள் பயன்படுத்திய ஒரு ஆன்லைன் கடைக்காரரின் பார்வை

ஆள் வருகிறது, கார்ட்டில் பொருளும் போடுகிறார்கள், பணம் கட்டும் இடத்தில் மட்டும் காணாமல் போய்விடுகிறார்கள். ஆன்லைனில் விற்கும் எல்லோருக்கும் உள்ள புலம்பல்தான் இது. ஆன்லைன் கடைகளை ஆராயும் பேமார்டு இன்ஸ்டிடியூட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரிப்படி, 10 கார்ட்டுகளில் சுமார் 7 அப்படியே கைவிடப்படுகின்றன. ஆகவே உங்கள் கடையிலும் 70% என்றால் தூக்கம் கெட வேண்டாம், அதில் நிறையப் பேர் சும்மா விலை பார்க்க வந்தவர்கள். வாங்கும் எண்ணத்தோடு வந்து எரிச்சலில் திரும்பியவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க நான் இத்தனை காலமாக நம்பியிருப்பது கிளாரிட்டி, தளத்துக்கு வருபவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பதிவுசெய்து காட்டும் மைக்ரோசாப்ட்டின் கருவி. 2020 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, இலவசம், எத்தனை பேர் வந்தாலும் காசு கேட்பதில்லை. பக்கத்தில் எங்கே அதிகம் தட்டுகிறார்கள் என்று நிறத்தில் காட்டும் ஹீட்மேப்பை நான் அதிகம் பார்ப்பதில்லை, பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். சரக்கு இருப்பது ரெக்கார்டிங்கில், அதாவது ஒருவர் தளத்தில் செய்ததை வீடியோ போல ஓட்டிக் காட்டும் பதிவில். செக்அவுட் வரை மொபைலில் வந்து ஆர்டரை முடிக்காதவர்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். டெலிவரி கட்டணம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைத்ததும் ஆள் மேலே போகிறார், கீழே வருகிறார், கார்ட்டுக்குத் திரும்பி ஒரு பொருளை எடுத்துவிட்டுக் கூட்டிப் பார்க்கிறார், அப்புறம் போயே போய்விடுகிறார். இன்னொருவர் காலியாக இருக்கும் கூப்பன் பெட்டியைப் பார்த்ததும் கூப்பன் தேடி வெளியே கிளம்புகிறார், திரும்புவதே இல்லை. பெரிதாகாத படத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுபவர்களை 'ரேஜ் கிளிக்' என்று கிளாரிட்டியே தனியாக எடுத்துக் கொடுத்துவிடும்.

டெலிவரி கட்டணத்தைப் பொருளின் பக்கத்திலேயே போட்டேன், கூப்பன் பெட்டியை ஒரு சின்ன இணைப்புக்குள் மறைத்தேன், கணக்கு தொடங்காமலே வாங்க வழி வைத்தேன். ஆர்டர் கூடியது. ஆனால் எவ்வளவு இதனால், எவ்வளவு சீசனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஏ/பி டெஸ்ட், அதாவது பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஆளுக்கொன்றாகக் காட்டி ஒப்பிடும் சோதனை, செய்திருக்கலாமே என்பீர்கள். அதற்கான கூகுள் ஆப்டிமைஸ் கருவி 2023 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டதும் பலர் மாற்றுக் கருவி தேடி அலைந்தார்கள், சின்னக் கடைகளுக்கு அந்த அலைச்சலே வீண் என்பேன். 100 பேரில் 2 பேர் வாங்கும் கடையில் அந்த 2% என்பது 2.4% ஆனதா என்று வழக்கமான 95% நம்பகத்தில் உறுதிசெய்ய, ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 21,000 பார்வையாளர்கள் வேண்டும். அந்தக் கூட்டம் வராத கடையில் பட்டனைப் பச்சையாக்கி, சிவப்பாக்கி ஒப்பிடுவது பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான்.

கிளாரிட்டியிலும் குறை உண்டு. என்ன செய்தார் என்று காட்டும், ஏன் செய்தார் என்று சொல்லாது. அதற்கு வாங்கியவர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன், 'வாங்கும்போது எங்கே தயங்கினீர்கள்?' என்ற ஒரே கேள்வி. ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்தால் குக்கீ ஒப்புதல் வாங்கியாக வேண்டும். ரெக்கார்டிங்குகள் சாதாரணமாக 30 நாள்தான் இருக்கும், தேவையானவற்றை ஃபேவரிட்டாகக் குறித்துவைத்தால் அதிக நாள் நிற்கும்.

இன்னொன்று: கவுன்ட்டவுன் டைமர், 'இப்போதுதான் ஒருவர் வாங்கினார்' வகைச் செயலிகள். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், பெயர் வேண்டாம். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், அந்தச் செயலி வந்த பிறகு மொபைலில் அது எட்டாக்கனி ஆகிவிட்டது. உடனே கழற்றினேன். ரெக்கார்டிங்கிலும் எல்லோரும் முதலில் தேடியது அதை மூடும் பெருக்கல் குறியைத்தான்.