"நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி மோட்டார்ஹோம் விற்பவர்களிடம் ஜாக்கிரதை: 9,300 டாலர் போச்சு

நீண்ட பயணத்துக்கு மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே சமைத்துப் படுத்துப் போகிற வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாகவே வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், அங்கங்கே கோர்வை இல்லாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன மாதிரிக் கடை என்று சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும். பழைய மோட்டார்ஹோம்களை நெடும்பயணம் போகிறவர்களுக்கு விற்பார்கள். பயணம் முடிந்ததும், முன்கூட்டியே பேசிய விலைக்குத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். இந்த ஏற்பாடு புதிதல்ல, பல நாடுகளில் ரொம்ப காலமாக நடக்கிறது. அதை நாணயமாக நடத்துகிறவர்களும் இருப்பார்கள். எனக்கு வாய்த்தவர்கள் அந்த ரகம் இல்லை.

ஏன் அங்கே போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய அரை வருடப் பயணம், நானும் மனைவியும். முதலில் வாடகைதான் பார்த்தோம். நாள் வாடகையைப் பார்த்தால் பரவாயில்லையே என்று தோன்றும். அதற்குமேல் ஒவ்வொன்றாக வரும் பாருங்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான், தாண்டினால் தனிக் கட்டணம். ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கணக்கில் காசு. படுக்கை விரிப்பு, பாத்திரம் பண்டம் எல்லாம் தனி. கழிவுநீர் டேங்கைக் காலி செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் அபராதம். சேதம் என்றால் முதல் பெரிய தொகை நம் தலையில்தான். அதைக் குறைக்க வேண்டுமென்றால் தினமும் இன்னொரு காப்பீட்டுக் கட்டணம். அதைக் கட்டினாலும் கூரையும் அடிப்பாகமும் பெரும்பாலும் காப்பீட்டில் வராது. மோட்டார்ஹோமில் அடிபடுவதே அந்த இரண்டும்தான், தாழ்ந்த கிளையும் தாழ்ந்த பாலமும் கூரையைத்தான் பதம் பார்க்கும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் அரை வருடத்துக்கு 25,000 டாலரைத் தொட்டது.

சரி, வாங்கலாம் என்றால், புது வண்டி வாங்கிய முதல் ஓரிரு வருடத்தில்தான் விலை மளமளவென்று விழும். பழையது வாங்கினால் பதிவு, காப்பீடு, பயணம் முடிந்ததும் விற்கிற வேலை. சில இடங்களில் உள்ளூர் முகவரி இல்லாமல் பதிவே செய்ய முடியாது. ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டுவிட்டு, எப்போது ஆள் வருவான் என்று வண்டியோடு உட்கார்ந்திருக்க முடியுமா?

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் கடை வந்தது. வண்டி விலை 38,000 டாலர். பயணம் முடிந்து திருப்பிக் கொடுத்தால் 60 சதவீதம், அதாவது 22,800. கையை விட்டுப் போவது 15,200 மட்டும். வாடகையோடு ஒப்பிட்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

இனி அந்த விற்பனையாளர். அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம்ப வைத்தது விலை இல்லை, அவர்தான். வண்டிக்குள் ஏறும் முன் வாசலிலேயே ஷூவைக் கழற்றி வைத்தார். யாரோ குடியிருக்கிற வீட்டுக்குள் போகிற மாதிரி. வாங்குங்கள் என்று ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. நாங்கள் கேட்காமலேயே டயரிடம் குனிந்து, பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைத் தேய்த்துக் காட்டினார். 2216. "2016-ஆம் வருஷம் 22-ஆவது வாரம் செஞ்சது சார். பட்டன் நல்லாத்தான் இருக்கு, ஆனா வயசாயிடுச்சு. இந்த வண்டிங்க நின்ன இடத்திலேயே நிக்கும், டயர் தேயறதுக்கு முன்னாடி வெடிப்பு விட்டுடும். எல்லாத்தையும் மாத்தித் தந்துடறேன்." சொன்னபடியே மாற்றியும் கொடுத்தார். தன் வண்டியின் குறையைத் தானே எடுத்துச் சொல்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? இப்போது யோசித்தால்தான் தெரிகிறது, சின்னதைக் காட்டிக் கொடுத்துப் பெரியதை மறைத்த வித்தை அது.

ஏணி வைத்துக் கூரைமேல் ஏறச் சொன்னார். ஓரம் முழுக்கப் புது சீலன்ட் (தண்ணீர் இறங்காமல் இணைப்புகளை அடைக்கிற பசை), பளிச்சென்று வெள்ளையாக. "போன மாசம்தான் போட்டோம், கவலையே வேணாம்" என்றார். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கிற படுக்கையின் மெத்தையைத் தூக்கி, பலகையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். பலகை அசையவில்லை. அழுத்தியது நட்டநடுவில். மூலையில் ஒரு அலமாரி இருந்தது. அந்தப் பக்கம் அவர் கை போகவில்லை.

ஒப்பந்தத்தில் "நியாயமான தேய்மானம் தவிர நல்ல நிலையில் இருந்தால்" திரும்ப எடுப்போம் என்று ஒரு வரி. நல்ல நிலை என்பதை யார் முடிவு செய்வது என்று நேராகவே கேட்டேன். சிரித்தார். "நாங்கதானே சார் திரும்ப விக்கணும், எங்க வண்டி எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, பேனாவை எடுத்து ஓரத்தில் 60 சதவீதம் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பணத்தைக் கட்டினோம்.

பயணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நன்றாகத்தான் இருந்தது. நடுவில் நல்ல மழை பெய்தபோது மேல் படுக்கையின் மூலையில் நனைந்த துணி வாடை அடித்தது. உடனே கடைக்குப் போன் செய்தோம். "ராத்திரி மூச்சுக்காத்து ஈரம்தான் சார், மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்க" என்றார்கள். பாதி உண்மை என்பதுதான் இதில் கொடுமை. சின்ன இடத்தில் இரண்டு பேர் தூங்கினால், சமைத்தால், சுவரில் ஈரம் கோக்கத்தான் செய்யும். ஜன்னலைத் திறந்து வைத்தோம்.

திருப்பிக் கொடுக்கப் போன அன்று அவர் இல்லை. வேறொருவர் வந்தார், ஷூவோடுதான் ஏறினார். கையில் ஈரம் அளக்கும் மீட்டர், முனையில் இரண்டு ஊசி. நேராக அந்த அலமாரிக்குப் பின்னால் மூலையில் கொண்டுபோய் வைத்தார். வேறெங்கும் வைக்கவில்லை, எங்கே வைக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவர் மாதிரி. 34 சதவீதம் காட்டியது. 15-க்குள் இருந்தால் பயமில்லை, 20 தாண்டினால் என்னவென்று பார்க்க வேண்டும், 30-க்கு மேல் போனால் உள்ளே மரம் கெட்டிருக்கிறது என்று இந்தத் தொழிலில் ஒரு வழக்கக் கணக்கு இருக்கிறதாம். இதெல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. "தண்ணி இறங்கின வண்டியை நாங்க எடுக்கறதில்லை." பேச்சு முடிந்தது.

நாங்கள் விடவில்லை. கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துக் காட்டினோம். அவர் மூலையில் இருந்த பட்டையைக் கழற்றினார். புது வெள்ளை சீலன்ட்டுக்கு அடியில் பழைய சீலன்ட், காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது. பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே பூசியிருக்கிறார்கள். அப்படிப் பூசினால் ஒட்டாது, தண்ணீர் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். உள்ளே சட்டமரம் கறுத்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அதில் அடித்திருந்த பின்கள் துருவேறி இற்றுப் போயிருந்தன. "இது ஒரு மழைக்கு ஆனது இல்லை, வருஷக்கணக்கா இறங்கியிருக்கு" என்று சொல்லி எழுதியும் கொடுத்தார். படமும் எடுத்தோம்.

அதைக் கொண்டுபோய்க் காட்டினால் முடிந்துவிடும் என்று நினைத்தோம். அதற்கப்புறம்தான் அலைக்கழிப்பே ஆரம்பம்.

விற்றவர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். அப்புறம் வேறு கிளைக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் கையால் எழுதிய 60 சதவீதத்தைக் காட்டினால், "அது அவர் எழுதினது, கம்பெனி எழுதினது இல்லையே." மேலாளரிடம் பேச வேண்டும் என்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுப்பினால் ஒரு புகார் எண் வரும், ஆள் வர மாட்டார். மெக்கானிக்கின் அறிக்கையை அனுப்பினால் இணைப்பு திறக்கவில்லையாம். நேரில் தாளாகக் கொண்டுபோய் நீட்டினால் எங்கள் ஆள் பார்த்தால்தான் செல்லும். எங்களுக்கு விற்பதற்கு முன் இந்த வண்டியில் ஈரம் பார்த்தீர்களே, அந்தத் தாள் எங்கே என்று கேட்டேன். பழைய கணினியில் இருக்கிறதாம். அந்தக் கணினியைத் திறக்க யாருக்கும் தெரியாதாம்.

இதைவிடக் கோபம் வந்தது எதற்கென்றால், ஒரு கட்டத்தில் காரணமே மாறிவிட்டது. முதலில் ஈரம் என்றவர்கள், ஈரம் பழையது என்று நிரூபித்ததும், "சீசன் முடிஞ்சிருச்சு சார், இந்த வருஷம் திரும்ப எடுக்கற எண்ணிக்கை ஆயிடுச்சு" என்றார்கள். அப்படி ஒரு எண்ணிக்கை இருப்பதாக ஒப்பந்தத்தில் எங்கேயும் கிடையாது. அதற்கு நடுவில், வண்டி அவர்கள் இடத்தில் நிற்பதற்கு நாள் வாடகை வேறு கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது! எங்கள் டிக்கெட் தேதி அவர்களுக்குத் தெரியும், முதல் நாள் படிவத்திலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். அந்தத் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் போன். ஏதோ பெரிய மனசு பண்ணுகிற குரலில், "உங்களுக்காகப் பேசிப் பார்த்தோம், 13,500 தரலாம்ங்கறாங்க. இன்னைக்கே கையெழுத்துப் போடணும்."

22,800 எங்கே, 13,500 எங்கே? 9,300 டாலர் கண்ணெதிரே போச்சு. வேறு ஆளைத் தேட நேரமும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

ஊர் வந்து சேர்ந்த சில நாளில் அவர்கள் தளத்தைப் பார்த்தேன். அதே வண்டி, அதே திரைச்சீலை, மனைவி சமையல் மேடையில் ஒட்டிய கொக்கிகூட அப்படியே இருக்கிறது. "கூரை புதிதாக சீலன்ட் போடப்பட்டது" என்று போட்டு விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். விலை நாங்கள் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கம்மி. அடுத்து யார் தலையில் கட்டப்போகிறார்களோ. இந்தப் பதிவே அந்த ஆளுக்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். 38,000 கொடுத்து 13,500 வாங்கினால் 24,500 போயிருக்கிறது. வாடகைக்கு எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இதேதான். வாடகை வண்டி ஒழுகினால் அது அவர்கள் கவலை, போன் செய்தால் மாற்று வண்டி கேட்கலாம். இங்கே வண்டியின் நோய் எல்லாம் நமக்கு, விலை சொல்லும் அதிகாரம் மட்டும் அவர்களுக்கு. திரும்ப வாங்குவதாகச் சொல்வது வாங்குவதற்கும் வாடகைக்கும் நடுவழி இல்லை. நம் 38,000-ஐ முன்பணமாகக் கட்டிவிட்டு, எவ்வளவு திருப்பித் தருவது என்பதை அவர்கள் இஷ்டத்துக்கு விட்ட வாடகை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆனால் எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சில வாரப் பயணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாடகை. பல மாதம் என்றால்கூட, எந்த மாதிரி வண்டியை வாங்க நினைக்கிறீர்களோ அதே அளவு வண்டியை முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள், பின்னோக்கி எடுக்கும்போதே பாதி ஆசை தெளிந்துவிடும். வாங்குவதானால், கடைக்காரர் காட்டுகிற ஆள் வேண்டாம், நீங்களே கூலி கொடுத்து வேறு ஆளை வைத்து ஈரம் பாருங்கள். இன்ஜின் சர்வீஸ் தாள் வேறு, வீட்டுப் பகுதியின் தாள் வேறு, இரண்டையும் கேளுங்கள். மூலைகள், ஜன்னல் ஓரம், மேல் படுக்கைக்கு முன்பக்கம், இங்கெல்லாம் மீட்டர் என்ன காட்டுகிறது என்பதை எண்ணாக எழுதி, கடையின் முத்திரையோடு வாங்குங்கள். வெளிச்சுவரைச் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள், மேல்தோல் எங்காவது உப்பியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். தரையை மிதித்துப் பாருங்கள், அமுங்கக் கூடாது. சீலன்ட் புத்தம் புதிதாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதையும் பாருங்கள், 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ. "நல்ல நிலை" என்று மொட்டையாக எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஊருக்குத் திரும்பும் தேதியை அவர்களிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

அவ்வளவுதான், இப்போதைக்கு. புகாருக்கு இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. 9,300 டாலர். ஒப்பந்தம், மெக்கானிக் அறிக்கை, படங்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. இதே மாதிரிக் கடையில் யாராவது மாட்டியிருந்தால் எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.