பிகோ போர்டில் பேசிக்கா, சியா?

என் மேசையில் இரண்டு ராஸ்பெரி பை பிகோ போர்டுகள், அதாவது கருவிகளை இயக்கும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகைகள். இரண்டுக்கும் ஒரே வேலை: டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரைப் படித்து, சூடு எல்லை தாண்டினால் மின்சார சுவிட்சான ரிலேயை இயக்க வேண்டும். ஒன்றுக்கு சி மொழியில் நிரல் எழுதினேன், மற்றதற்கு பேசிக் மொழியின் ஒரு வடிவமான எம்எம்பேசிக்கில். அதன் பிறகுதான் 'பேசிக்கெல்லாம் ஒரு மொழியா' என்று இளப்பமாகப் பேசுவதை விட்டேன்.

பிகோ 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. ஆர்பி2040 சில், இரண்டு ஆர்ம் கார்டெக்ஸ் எம்0 பிளஸ் கோர்கள், 264 கிலோபைட் ரேம், 2 மெகாபைட் ஃபிளாஷ். எம்எம்பேசிக்கோ அதற்குப் பத்தாண்டு மூத்தது. ஆஸ்திரேலியரான ஜெஃப் கிரஹாம் 2011இல் மேக்ஸிமைட் என்ற சிறு கணினிக்காக உருவாக்கியது. அந்தக் கணினியில் இருந்தது பிக்32 என்ற வேறு குடும்பச் சில், ஆர்ம் கிடையாது. பின்னாளில் பீட்டர் மாதர் அதை ஆர்ம் சில்லுகளில் ஓட வைத்தார். பிகோவுக்கான பதிப்பின் பெயர் பிகோமைட்.

சியில் இறங்க வேண்டுமானால் முதலில் நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் கம்பைலர், அந்த வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக், பிகோவின் எஸ்டிகே என்ற மென்பொருள் தொகுப்பு மூன்றையும் கணினியில் நிறுவ வேண்டும். பிறகு எழுதி, கம்பைல் செய்து, போர்டின் பூட்செல் பொத்தானை அழுத்தியபடியே யூஎஸ்பியைச் செருகி, தோன்றும் டிரைவில் கோப்பை நகலெடுக்க வேண்டும். ஒரு எண்ணை மாற்றினாலும் கம்பைல் செய்வதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாக வேண்டும். பேசிக்கில் அந்தப் பொத்தானை ஒரே ஒரு முறை, பிகோமைட்டை ஏற்றுவதற்காக அழுத்தினால் போதும். அதன்பின் கணினியில் சீரியல் டெர்மினலை, அதாவது போர்டோடு எழுத்தில் உரையாடும் சாளரத்தைத் திறந்தால் போர்டே கட்டளைக்குக் காத்திருக்கும். ஜிபி25 என்ற பின்னை வெளியீடாக்கி 1 என்று கொடுத்த நொடியில் போர்டிலுள்ள எல்இடி எரிகிறது. நிரல் எழுதும் எடிட்டர்கூடப் போர்டுக்குள்ளேயே இருக்கிறது.

சென்சாரில்தான் வித்தியாசம் உறைத்தது. பேசிக்கில் அதற்கென்றே ஒரு செயற்கூறு உண்டு. பின் எண்ணைக் கொடுத்தால் டிகிரி செல்சியஸ் கைக்கு வந்துவிடும். சியில் ஆயத்த நூலகங்கள் கிடைக்கும்தான், ஆனால் நானே எழுதிப் பார்ப்பது என்று வீம்பு பிடித்தேன். சென்சாரின் தரவுக் கம்பியில் மின்னழுத்தத்தைக் குறைந்தது 480 மைக்ரோவினாடி தாழ்த்திப் பிடித்து விட வேண்டும், சென்சாரின் பதில் துடிப்பைப் பார்க்க வேண்டும், அளக்கச் சொல்ல வேண்டும், பிறகு 9 பைட்டுகளைப் படித்துக் கடைசி பைட்டைக் கொண்டு பிழை சரிபார்க்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் எனக்கு 85 டிகிரியே வந்துகொண்டிருந்தது. அறையில் மின்விசிறி ஓடுகிறது, சென்சார் கொதிக்கிறது! மின்சாரம் கிடைத்தவுடன் அந்தச் சென்சார் தன் நினைவில் வைத்துக்கொள்ளும் தொடக்க மதிப்பு 85 என்பது பிறகுதான் தெரிந்தது. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிவினாடி வரை ஆகும். நான் அவசரப்பட்டு முன்னதாகவே படித்திருந்தேன். அந்த மாலையை வீண் என்று சொல்ல மாட்டேன், ஒரே தரவுக் கம்பியில் பேசும் இந்த ஒன்-வயர் இணைப்பு எனக்குப் புரிந்தது அன்றுதான்.

வேகத்தில் சியோடு போட்டியே இல்லை. எம்எம்பேசிக் ஓர் இன்டர்பிரெட்டர். ஒவ்வொரு கட்டளையாகப் படித்து இயக்குகிறது, ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் இன்டரப்ட், அதாவது 'உடனே கவனி' என்ற சமிக்ஞை வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. சில மைக்ரோவினாடி துடிப்பைப் பேசிக் வரிகளால் துரத்த முடியாது. டபிள்யூஎஸ்2812 வண்ண எல்இடியில் ஒரு பிட்டுக்கே 1.25 மைக்ரோவினாடிதான், ஆனாலும் அதைப் பேசிக்கில் எரிய வைக்கலாம், ஏனென்றால் அதற்கான கட்டளையை ஏற்கெனவே சியில் எழுதி உள்ளே வைத்திருக்கிறார்கள். எம்எம்பேசிக்கின் பலமும் எல்லையும் இதுதான்: அதை உருவாக்கியவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்த வேலை என்றால் ஒரே வரி, யோசிக்காதது என்றால் திண்டாட்டம். அப்போதும் சியில் கம்பைல் செய்த துண்டைப் பேசிக் நிரலுக்குள் ஒட்டவைக்க ஒரு வழி உண்டு. அதற்கு எப்படியும் சி தெரிந்திருக்க வேண்டும்.

பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவி என்றால் யோசிக்காமல் சியை எடுங்கள். வேலை தேடுபவர்களுக்கும் அதே பதில். பைத்தான் மொழியின் சிறு வடிவமான மைக்ரோபைத்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

பிழை வரும்போது இரண்டின் குணமும் தெரியும். அணியின் (அரே) எல்லை தாண்டி எழுதினால் சி வாய் திறக்காது, அடுத்த மாறியை அமைதியாகக் கெடுத்துவிட்டு வேறெங்கோ போய் விழும். பேசிக் அந்த வரியைக் காட்டி நின்றுவிடும். ஆளில்லாத இடத்தில் அப்படி நிற்பதும் ஆபத்துதான், நிரல் நின்றுபோனால் போர்டை மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக் கட்டளையைச் சேர்க்க மறக்காதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பேசிக்கில் மூல நிரல் போர்டிலேயே வாழ்கிறது. என் பழைய மடிக்கணினியின் வட்டு போனபோது சி நிரலும் சேர்ந்து போயிற்று, போர்டில் மிஞ்சியது இயந்திரக் குறியீடு மட்டும். மற்ற போர்டில் லிஸ்ட் என்று தட்டினேன். நான் எழுதிய குறிப்புகள் உட்பட எல்லாம் திரையில் வந்தன.

இப்போது ரிலேயோடு இருப்பது பேசிக் போர்டுதான். முதலில் 45 டிகிரி என்று எல்லை வைத்திருந்தேன். போன வாரம் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, நின்ற இடத்திலேயே 42 ஆக்கிவிட்டு வந்தேன். சி போர்டைக் கழற்றி, மோட்டாரின் சுழற்சித் துடிப்புகளை எண்ணும் வேலைக்கு அனுப்பிவிட்டேன்.