தவளைக்கு மயக்கம்: எம்.எஸ்-222ஆ, கிராம்பு எண்ணெயா?

ஸீனோபஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஆப்பிரிக்க நகத் தவளை) தவளைகளுக்குச் சிறு அறுவை செய்ய எந்த மயக்கமுறை நல்லது என்ற பேச்சு எங்கள் ஆய்வகத்தில் வந்தபோது நான் எம்.எஸ்-222 (டிரைகெய்ன் என்ற மயக்கமருந்துத் தூள்) பக்கம் நின்றேன். இன்றும் அதே பக்கம்தான்.

பனிக்கட்டியில் வைத்து மயக்கும் வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். குளிரில் தவளை விறைத்துக் கிடக்கும், ஆனால் அசையவில்லை என்பதற்காக வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. கரும்புத் தேரைகளை மெல்லக் குளிரூட்டி உறையவைத்தபோது மூளையில் வலிக்கான தடயம் தெரியவில்லை என்று 2015-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது உண்மைதான். அது கருணைக்கொலை பற்றியது. பிழைத்தெழ வேண்டிய தவளைமேல் கத்தி வைக்க அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

கிராம்பு எண்ணெய் மலிவு, எங்கும் கிடைக்கும். எத்தனாலில் கரைத்து லிட்டருக்கு 350 மில்லிகிராம் விட்டால் ஸீனோபஸ் நன்றாகவே மயங்கும். ஆனால் சிறுத்தைத் தவளைகளுக்கு இதனால் இரைப்பை வாய்வழியே பிதுங்கியது பதிவாகியிருக்கிறது. எனக்கு அது போதும்.

எம்.எஸ்-222 நேரே தண்ணீரில் கரையும், தோல்வழியே ஏறும், நரம்பில் செய்தி கடக்க உதவும் சோடியம் வாயில்களை அடைக்கும். வளர்ந்த ஸீனோபஸுக்கு லிட்டருக்கு 1-2 கிராம். மயங்கிய தவளை மல்லாக்கப் போட்டால் புரளாது. அதோடு நிறுத்தாமல் பின்னங்கால் விரலைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். கால் இழுத்துக்கொண்டால் கத்தியை எடுக்கவே கூடாது.

எல்லாம் கெடுவது ஒரே இடத்தில்: இந்த மருந்து அமிலம். வெறுமனே கரைத்தால் தண்ணீரின் பிஎச் (அமிலத்தைக் காட்டும் அளவு, 7 நடுநிலை) 3 வரைகூட இறங்கும். தவளையின் வலியை ஆய்வகங்களில் எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? தொடைமேல் அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, வீரியம் கூட்டிக்கொண்டே விடுவார்கள். எந்தச் சொட்டில் அது காலால் துடைத்துக்கொள்கிறதோ அதுதான் வலி வரம்பு. அப்படியிருக்க, வலி போக்க என்று அமிலத் தொட்டியில் முழு உடம்பையும் இறக்குவது என்ன நியாயம்? அமில நீரில் மருந்து தோலுக்குள் ஏறுவதும் மந்தம். சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீட்டரில் 7-க்கும் 7.4-க்கும் இடையே வந்த பிறகே தவளையை விட வேண்டும். கரைசலை அன்றன்றைக்குக் கலப்பது நல்லது, வெளிச்சம் பட்டால் பழுப்பேறிவிடும்.

நான் கையாண்டது ஸீனோபஸ் மட்டும். மரத்தவளைக்கோ தேரைக்கோ இந்த அளவை அப்படியே எடுக்க வேண்டாம். இன்னொன்று, குளோரின் நீக்கிய நீரில் கழுவியதும் மருந்து இறங்கிவிடும், வலி திரும்பும். மார்ஃபின் தவளையின் வலி வரம்பை உயர்த்துவது 1983-லேயே காட்டப்பட்டது, ஆகவே விழிக்கும் முன்பே தனியாக ஒரு வலிநிவாரணியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.