கறுப்புக் குரங்கு பார்க்க நிகான் மோனார்க் எம்5 8×42 எப்படி?

வால்பாறைப் பக்கம் பைனாகுலரோடு போகிறவர்கள் தேடுவது இரண்டு கறுப்பு உருவங்களை: சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), நீலகிரிக் கருமந்தி. (புதுத்தோட்டத்தில் ரோட்டுக்கே இறங்கிவரும் சோலைமந்திகளுக்கு வெறும் கண் போதும்.) உச்சாணிக் கிளையில் கரிய உடல், பின்னால் வெளிறிய வானம். மலிவான லென்ஸில் உடலைச் சுற்றி ஊதா விளிம்பு படரும், முகம் விவரம் தெரியாத வெறும் கறுப்பாகிவிடும்.

மோனார்க் எம்5 பைனாகுலரில் உள்ள ஈ.டி. கண்ணாடி (நிறம் சிதறுவதைக் குறைக்கும் தனிவகை லென்ஸ்) அந்த ஊதாவை நன்றாகவே குறைக்கிறது. பார்வை வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சும். சோலைமந்தியின் சாம்பல் பிடரியும் வால் நுனிக் குஞ்சமும் தனியாகப் பிரிந்து தெரியும். கருமந்திப் பெண்ணுக்குத் தொடையின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு உண்டு. கூட்டத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணுகிறவர்களுக்கு அதுதான் பிடி. அது எப்போதும் நிழலில்தான் கிடக்கும். அதனால் 10×42 வேண்டாம். (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது; 42 முன் லென்ஸின் விட்டம், மி.மீ.-இல்.) 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 10-ஆல் வகுத்தால் 4.2 தான். கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும்.

குறை, பார்வைப் பரப்பு. 6.4 டிகிரி என்றால் 30 மீட்டர் தூரத்தில் சுமார் 3.4 மீட்டர் அகலம்தான் தெரியும். கருமந்தி தாவினால் வட்டத்தை விட்டே போய்விடும். அதே நிறுவனத்தின் மலிவு மாடல் அகுலான் 8×42, 8 டிகிரி தருகிறது; ஆனால் அதில் தண்ணீர் புகும், கண்ணாடி போட்டவர்களுக்கு 12 மி.மீ. கண் இடைவெளி (லென்ஸிலிருந்து கண் விலகியிருக்கக்கூடிய தூரம்) போதாது. எம்5-இல் 19.5 மி.மீ. வால்பாறை மழைக்கு எம்5 பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது.

வாங்கியதும் செய்ய வேண்டியது: வலது லென்ஸை மூடி, நடு வளையத்தைத் திருகி இடக்கண்ணுக்கு ஒரு இலையைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலக்கண் வளையத்தை மட்டும் திருகி அதே இலையைச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் "தலைவலிக்கிறது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையங்களை இறக்கியே வைக்கணும்.

உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பதால் உட்புறம் பனிக்காது. வெளி லென்ஸில் மூச்சு படியத்தான் செய்யும். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும்; துடைத்துக் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.